பட்டாளத்து மெடல் வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள்

கொங்குப் பக்கம் பழைய வீடுகளில் அப்பாரு காலத்துப் பெட்டியைத் திறந்தால் பட்டாளத்து மெடல் கிடைப்பது உண்டு. வாங்க வருபவர்கள் ராஜா தலையையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். முதல் தவறு அதுதான்.

முதல் உலகப் போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் 36 மி.மீ. அகல வெள்ளி வட்டம். ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபுறம் குதிரைவீரனோடு 1914, 1918 என்ற ஆண்டுகள். லட்சக்கணக்கில் அடித்த மெடல் அது. தலை எல்லாவற்றிலும் ஒன்றுதான். விளிம்பில்தான் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு இருக்கும். சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியாளர் படை 'எஸ் அண்ட் எம்' என்று சுருங்கியிருக்கும். மெட்ராஸ் சாப்பர்ஸில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருந்ததால் அந்த எழுத்துகளைப் பார்த்தால் அவசரப்படாமல் முழு வரியையும் படியுங்கள்.

சிலர் பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் பொறித்து விற்பார்கள். கோவையில் எந்த லேத் பட்டறையிலும் வெர்னியர் அளவுகோல் இருக்கும். விளிம்பைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். அளவு குறைந்தாலோ, இடத்துக்கு இடம் மாறினாலோ விட்டுவிடுங்கள்.

அதற்காகப் பெயர் இல்லாததெல்லாம் போலி என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இரண்டாம் உலகப் போரின் பர்மா ஸ்டார், 1939-45 ஸ்டார் என்ற நட்சத்திர மெடல் இரண்டையும் பிரிட்டன் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. அவற்றுக்குப் பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம்தான் சாட்சி. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எனக்கு மனசு வலிப்பது சேலத்து வெள்ளிப் பட்டறைக்குப் போகும் மெடல்களை நினைத்துத்தான். முதல் உலகப் போரின் மூன்று மெடல் உள்ள வீட்டில் வெள்ளியை மட்டும் எடைக்குப் போட்டுவிட்டு, வெண்கல விக்டரி மெடலையும் 1914-15 ஸ்டாரையும் பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிடுகிறார்கள். வெள்ளி விலை உச்சத்துக்குப் போன 1980 வாக்கில் உலகெங்கும் இப்படி ஏராளமாக உருகிப்போயின. மூன்றிலும் ஒரே எண், ஒரே பெயர் என்றால் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

புளி, விளக்குற பொடி எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்துதான் மழுங்கும். மெத்தென்ற துணியால் தூசி தட்டினால் போதும். பிவிசி கவரும் ஆகாது, நாளாக ஆகப் பச்சை பூத்துவிடும்.

அப்புறம், ஸ்ரீரங்கப்பட்டண மெடல். திப்பு வீழ்ந்து கொங்கு நாடு கம்பெனி கைக்குப் போன 1799ஆம் ஆண்டின் நினைவு அது. சிங்கம் புலியை அடக்கும் படம். பதவியைப் பொறுத்துத் தங்கத்திலிருந்து தகரம் வரை அடித்தார்கள். இதற்கு நகல்கள் உண்டு. அச்சில் அடித்ததில் எழுத்து கூர்மையாக நிற்கும். உருக்கி வார்த்த நகலில் மொழுக்கென்று இருக்கும், லென்ஸ் வைத்தால் ஊசித் துளைகள் தெரியும். பெயர் பொறிக்காமல் கொடுத்த மெடல் என்பதால், "இன்னார் அணிந்தது" என்ற கதைக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாகச் சட்டம். நூறு வருடம் தாண்டிய இப்படிப்பட்ட பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. முதல் உலகப் போர் மெடல்களில் பலவும் இப்போது நூறைக் கடந்துவிட்டதால், லண்டன்காரர் எவ்வளவு விலை சொன்னாலும் தபாலில் போட்டுவிடாதீர்கள்.