போஸ்டிங் மாறினாலும் கூடவே வரும் வேலை: ராணுவ வீரர்களின் மனைவியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி பக்கம் ராணுவத்தில் இருப்பவரைக் கட்டிக்கொண்ட பெண்களில் பட்டப்படிப்பு முடித்தவர்கள் நிறைய. கல்யாணத்துக்குப் பிறகும் சும்மா இருக்க வேண்டாமென்று ஏதாவது ஒரு கோர்ஸில் சேர்கிறார்கள். கணவருக்கு பீஸ் ஸ்டேஷன், அதாவது குடும்பத்தோடு தங்கக்கூடிய ராணுவ நிலையம், கிடைத்து, ஜபல்பூரிலோ செகந்திராபாத்திலோ குவார்ட்டர்ஸ் வந்ததும் அந்தச் சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடுகிறது.

கோர்ஸ் தேடும் முன் கணவரிடம் உட்கார்ந்து பேசாததுதான் முதல் தவறு. அடுத்த போஸ்டிங் களப்பணி இடமான ஃபீல்டா, பீஸா? குடும்பத்தை அழைத்துப்போக முடியுமா? பிள்ளைகள் எங்கே படிப்பார்கள்? சேலத்திலேயே இருப்பது என்று முடிவானால் டிஎன்பிஎஸ்சி எழுதுங்கள், நல்ல வழிதான். ஆனால் அந்த வேலை தமிழ்நாட்டைத் தாண்டி உங்களோடு வராது. கூடப் போவதென்றால், எந்தப் படிப்பைப் பார்த்தாலும் அதற்கு வெளிமாநிலத்தில் மதிப்பு உண்டா என்று முதலில் கேளுங்கள்.

‘அவர்தான் சம்பாதிக்கிறாரே, என் வேலை கைச்செலவுக்குத்தானே’ என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 2022-ல் அக்னிபத் திட்டம் வருவதற்கு முன் சேர்ந்த சிப்பாய்க்கு 15 ஆண்டு சேவை முடிந்தால் பென்ஷன் உண்டு. 19 வயதில் சேர்ந்தவர் முப்பதுகளிலேயே ஊர் திரும்பிவிடலாம். அப்போது உங்களுக்கு முன்னால் இன்னும் இருபது வருட உழைப்பு இருக்கும். வீட்டின் நிலையான வருமானம் உங்களுடையதாகவே ஆகிவிடலாம்.

அதிகம் பேர் இடறி விழுவது ஆசிரியர் வேலையில்தான். ராணுவ நிலையங்களில் ஆர்மி பப்ளிக் ஸ்கூல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு பி.எட். முடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்று காத்திருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதி ஆகாது. அதற்குத் தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பு வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரையா, அதற்கு மேலா என்று தீர்மானித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வதும் சரியல்ல. கேந்திரிய வித்யாலயா கேட்பது சிபிஎஸ்இ நடத்தும் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட். அதில் மொழித்தாளுக்குத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்; தேறினால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ஆர்மி பப்ளிக் ஸ்கூல்களுக்குத் தனியாக ஆன்லைன் தேர்வு உண்டு. அதன் பிறகு நேர்காணல், பாடம் நடத்திக் காட்டுவது என்று போகும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். நம் ஊர் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கு அறிவில் குறை இல்லை, வாய் திறந்து பேசத்தான் தயக்கம். கோர்ஸுக்கு ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை ஆங்கிலமும் இந்தியும் பேசிப் பழகுவதற்கு ஒதுக்குங்கள். இந்தியில் பரீட்சை எழுதிப் பாஸானால் மட்டும் போதாது, பிள்ளைகளின் பெற்றோரிடம் பேச வர வேண்டும்.

நர்ஸ்களுக்கு வேறு சிக்கல். தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சிலில் பதிந்திருந்தாலும், வேறு மாநிலத்தில் வேலைக்குச் சேர அந்த மாநிலக் கவுன்சிலில் பதிய வேண்டும். போய் இறங்கிய பிறகு விண்ணப்பித்தால் மாதங்கள் வீணாகும். போஸ்டிங் உறுதியானதுமே தொடங்கிவிடுங்கள்.

டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் மட்டும் முடித்தால் அது இங்கே உள்ள அரசு வேலைகளுக்குத்தான் உதவும். ஆங்கிலமும் சேர்த்து முடியுங்கள். மூன்று மாத தனியார் கோர்ஸ் என்றால், ‘அரசு அங்கீகாரம்’ என்று போர்டில் இருப்பதை நம்பாமல், சான்றிதழ் யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். ஐ.டி.ஐ. தேசியத் தொழிற்சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும்.

என் கணிப்பில், நம்மூர்ப் பெண்கள் ஏனோ அதிகம் கவனிக்காத நல்ல வழி கணக்கு வேலை. டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் கற்று, சேலத்திலேயே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்றிரண்டு வருடம் நேரில் வேலை பாருங்கள். ஜவ்வரிசி ஆலைக்கோ செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்கோ மாதாமாதம் ரிட்டர்ன் போட்டுப் பழகிவிட்டால், அதே வேலையை லேப்டாப்பும் நெட்டும் இருக்கும் எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். அனுபவம் இல்லாமல் எடுத்த எடுப்பிலேயே வீட்டிலிருந்து வேலை கேட்பதுதான் தவறு. மருத்துவக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங்குக்கும் இது பொருந்தும்.

அப்புறம் இனிஷியல். கல்யாணத்துக்குப் பின் சிலர் ஆதாரில் கணவர் இனிஷியலுக்கு மாறுகிறார்கள், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியல் அப்படியே இருக்கிறது, யூனிட் பதிவில் இனிஷியலே இல்லை. மூன்றும் மூன்று விதமாக இருந்தால் வடக்கே எந்த அலுவலகத்திலும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கல்யாணத்தை யூனிட்டில் பதியும்போதே உங்கள் பெயர் சான்றிதழில் உள்ளபடி ஏறுகிறதா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து தையல், பியூட்டி பார்லர் என்று தொடங்குபவர்கள், குவார்ட்டர்ஸ் அரசு வீடு என்பதை மறக்கக் கூடாது. போர்டு மாட்டும் முன் அனுமதி கேளுங்கள். விளம்பரப் படத்தில் கணவரின் யூனிட், சீருடை, வளாக வாசல் எதுவும் தெரியக் கூடாது. டேட்டா என்ட்ரி வேலைக்கு முன்பணம் கேட்டால் அது ஏமாற்றுதான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ஊர் மாறும் அவசரத்தில், வேலை பார்த்த பள்ளியிலோ அலுவலகத்திலோ அனுபவச் சான்றிதழ் வாங்காமல் கிளம்பிவிடாதீர்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை மூன்றும் அதில் இருக்க வேண்டும். பி.எஃப். பிடித்திருந்தால், வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யூஏஎன்-ஐக் குறித்துவைத்து அடுத்த இடத்திலும் அதையே கொடுங்கள். சம்பளத்தைக் கையில் தரும் சின்னப் பள்ளி என்றால், லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையும் கேட்டு வாங்குங்கள்.