கார்டு கடனுக்குத் திவால் மனு போடலாமா?

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான கணக்கு இது. முதலில் வட்டியைப் பாருங்கள். 30,000 டாலர் பாக்கி, ஆண்டு வட்டி 24 சதவீதம் என்றால் மாதம் 600 டாலர் வட்டிக்கே போய்விடும். லாப நோக்கற்ற கடன் ஆலோசனை மையம் வட்டியை 8 சதவீதமாகக் குறைக்க வைத்தால், மாதம் சுமார் 608 டாலரில் 5 ஆண்டில் கடன் தீரும். வாடகை, சாப்பாடு போக அந்தத் தொகை கையில் மிஞ்சுமா? மிஞ்சினால் மனு வேண்டாம்.

மிஞ்சாது, வருமானமும் மாநில இடைநிலை வருமானத்துக்குக் கீழே என்றால் சாப்டர் 7 (தவணைத் திட்டம் இல்லாமல் கடனைத் தள்ளுபடி செய்யும் திவால் வகை) பெரும்பாலும் பொருந்தும். வருமானம் அதிகம், அல்லது வீட்டுக் கடன் தவணை பாக்கி, வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றால் சாப்டர் 13: 3 முதல் 5 ஆண்டுத் தவணைத் திட்டம். கிரெடிட் அறிக்கையில் முன்னது 10 ஆண்டு நிற்கும். பின்னது வழக்கமாக 7.

பலர் சறுக்குவது மனுவுக்கு முந்தைய மாதங்களில்தான். 401(கே) எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்பை உடைத்துக் கார்டுக்குக் கட்டாதீர்கள்; திவாலில் அந்தப் பணத்துக்குப் பொதுவாகப் பாதுகாப்பு உண்டு. அண்ணனிடம் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுத்து ஓராண்டுக்குள் மனு போட்டால், டிரஸ்டி (திவால் வழக்கை நிர்வகிக்க நியமிக்கப்படுபவர்) அதை அவரிடமிருந்தே திரும்ப வசூலிக்கலாம். கடைசி 90 நாளில் கார்டில் வாங்கிய ஆடம்பரப் பொருள்களுக்கான கடன் தள்ளுபடியாகாமல் போகலாம்.

மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் கடன் ஆலோசனை வகுப்பு கட்டாயம். ஜீவனாம்சம் தள்ளுபடியாகாது, கல்விக் கடன் தள்ளுபடியாவதும் அரிது. கார்டுக்கு இணைக் கையெழுத்துப் போட்டவர் இருந்தால், சாப்டர் 7 மனு ஏற்கப்பட்ட பிறகும் பாக்கி அவர் தலையில்தான்.