அநியாய வட்டிக்கு ஓர் ஆங்கிலப் பெயரடை

கடன் வட்டி அதிகம் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது பலரும் 'ஹை' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த வட்டி அநியாயம் என்று குற்றம் சாட்ட வேண்டுமா? 'யூஷூரியஸ்' (usurious) என்று எழுதுங்கள். இரண்டாவது அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். 'யூஷூரியஸ் இன்ட்ரஸ்ட்', 'யூஷூரியஸ் லோன்' என்று வட்டிக்கும் கடனுக்கும் முன்னால் வரும். அப்படி வட்டி வாங்குபவர் 'யூஷரர்'.

தவணை கனக்கிறது என்பதற்காக வங்கி வீட்டுக்கடனை இப்படித் திட்டுவது மிகை. பத்து வட்டிக்குத் தாராளமாகப் பொருந்தும். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம்! ஆட்டோக்காரர் கூடுதலாகக் கேட்டால் இந்தச் சொல் உதவாது; அங்கே அளவுக்கு மீறியது என்று பொருள்படும் 'எக்ஸார்பிட்டன்ட்' (exorbitant) போதும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே 'யூஷூரியஸ் லோன்ஸ் ஆக்ட்'. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடை செய்யும் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டமோ தன் ஆங்கிலப் பெயரில் 'எக்ஸார்பிட்டன்ட் இன்ட்ரஸ்ட்' என்கிறது. ஆகவே, போலீஸ் புகாரை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்தச் சட்டத்தின் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கூடவே, வாங்கிய தொகையையும் கட்டிய தொகையையும் தேதியோடு குறிப்பிடுங்கள். பெயரடையைவிட அதுதான் முக்கியம்.