கொப்புள நோய்ப் பரவலை அட்டவணையில் பின்தொடர்வது எப்படி? 2019 அமெரிக்கப் பரவலை வைத்து ஒரு பயிற்சி

மாட்டின் நாக்கில் கொப்புளம், வாயிலிருந்து நூல்நூலாக எச்சில் என்றதும் நம்மவர்கள் கோமாரி என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அதே கோலத்தில் இன்னொரு வைரஸ் நோய் தலைகாட்டுகிறது. அதன் பெயர் வெசிகுலர் ஸ்டொமடைடிஸ். கோமாரி குதிரையை அண்டாது. இதுவோ குதிரையைத்தான் அதிகம் பிடிக்கிறது. பெரும்பாலான விலங்குகள் இரண்டு வாரங்களில் தேறிவிடும். ஆனால் மாட்டுக்கு வந்தால், வெறும் கண்ணால் பார்த்து இது கோமாரி இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் அந்நாட்டு வேளாண் துறை இதை விடாமல் கணக்கெடுத்து, பரவல் காலத்தில் நிலவர அறிக்கைகளை வெளியிடுகிறது. ஓர் எக்செல் கோப்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நாமும் பின்தொடரலாம்.

படி 1: எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள்

2019 பரவலின் மொத்தக் கணக்கு 1,144, எட்டு மாநிலங்களில். இது குதிரைகளின் எண்ணிக்கை அன்று, நோய் கண்ட இடங்களின் எண்ணிக்கை. வீட்டுக்குப் பின்னால் ஒற்றைக் குதிரை கட்டியிருந்தாலும் ஒன்று, முப்பது குதிரைகள் நிற்கும் லாயமானாலும் ஒன்று. முதல்முறை இதைக் கவனிக்காமல் 'ஆயிரம் குதிரைகளுக்கு நோய்' என்று தலைப்பிட்டு ஒரு வரைபடம் போட்டு நண்பர்களுக்கு அனுப்பினேன். அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

படி 2: அட்டவணை

அறிக்கை நாள், மாநிலம், கவுண்டி, வைரஸ் வகை, புதிதாக உறுதியானவை, புதிய சந்தேக இடங்கள், தனிமைப்படுத்தலிலிருந்து விடுவிக்கப்பட்டவை. இந்த ஏழு நெடுவரிசைகள் போதும். கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல எண்ணிக்கொள்ளுங்கள். அறிக்கை நாள் என்பது நோய் தொற்றிய நாள் அன்று. தொற்றியபின் கொப்புளம் தெரியவே 2 முதல் 8 நாட்கள் ஆகும். பிறகு மருத்துவர் வந்து பார்க்க வேண்டும், பல இடங்களில் ஆய்வக முடிவுக்கும் காத்திருக்க வேண்டும். நாம் பார்ப்பது எப்போதும் பழைய படம்.

படி 3: 'உறுதி', 'சந்தேகம்' இரண்டையும் பிரித்துப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஒரு கவுண்டியில் முதல் குதிரைக்கு ஆய்வகம் நோயை உறுதிசெய்துவிட்டால், அதன்பின் அதே கவுண்டியில் அறிகுறி காட்டும் குதிரைகளுக்குப் பரிசோதனை கட்டாயமில்லை. அந்த இடத்தைச் 'சந்தேகம்' என்று பதிந்து தனிமைப்படுத்திவிடுவார்கள். ஆகவே இங்கே சந்தேகம் என்றால் 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்று பொருளில்லை. ஏறக்குறைய நோய்தான், சோதிக்கவில்லை, அவ்வளவே. 'உறுதி'யை மட்டும் கூட்டினால் பரவல் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிவிடும். மாட்டின் கதை வேறு: கோமாரி அச்சம் இருப்பதால் ஒவ்வொரு முறையும் சோதித்தே தீர வேண்டும். குதிரை எண்ணையும் மாட்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள்.

படி 4: வைரஸ் வகை

இண்டியானா, நியூ ஜெர்சி என இரண்டு வகைகள் அமெரிக்காவில் வருகின்றன. இவை 1925, 1926 ஆண்டுகளில் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்ட மாநிலங்களின் பெயர்கள். 2019இல் பரவியது இண்டியானா வகை. ஆனால் இண்டியானா மாநிலத்தில் அந்த ஆண்டு ஓர் இடத்தில்கூட நோய் இல்லை. அதிகம் பாதிக்கப்பட்டது கொலராடோ. 2020இல் இண்டியானா, நியூ ஜெர்சி இரண்டு வகைகளும் வந்தன. இந்த இரண்டு ஆண்டுகளையும் வகை பிரிக்காமல் ஒரே கோட்டில் இணைத்து 'நோய் தொடர்கிறது' என்று எழுதிவிடக் கூடாது.

படி 5: வரைபடம்

மொத்த எண்ணிக்கைக்கு நிறம் தீட்டாதீர்கள். குதிரை அதிகமுள்ள கவுண்டிதான் எப்போதும் அடர்ந்து தெரியும். ஒவ்வொரு கவுண்டியிலும் நோய் முதன்முதலில் தெரிந்த நாளுக்கு நிறம் கொடுங்கள். 2019இல் அந்த முதல் புள்ளி, ஜூன் 21 அன்று டெக்சாஸின் கின்னி கவுண்டி. அங்கிருந்து கோடை முழுக்க வடக்கே நகர்வதைப் பார்க்கலாம்.

அடுத்து அதன்மேல் ஆறுகளை வரையுங்கள். இந்த வைரஸைச் சுமக்கும் பூச்சிகளில் ஒன்றான கருப்பு ஈ ஓடும் நீரில் முட்டையிடுவது. மணல் ஈயும், கொசுவைவிடச் சிறிய கடிக்கும் பூச்சிகளும் உடன் சேர்ந்துகொள்கின்றன. பூச்சி அடங்கும் உறைபனிக் காலம் வந்ததும் புதிய வரிசைகள் குறையும்.

படி 6: கோப்பை எப்போது மூடுவது?

ஓர் இடத்தில் கடைசியாக நோயுற்ற விலங்குக்குப் புண் தோன்றி 14 நாட்கள் கழிந்தபின்தான் 2019இல் தனிமைப்படுத்தலை விலக்கினார்கள். விடுவிக்கப்பட்டவை மொத்தத்தோடு சமமானால் அந்த ஆண்டின் கணக்கு முடிந்தது. ஆனால் கோப்பை அழித்துவிடாதீர்கள். 2014இல் நான்கு மாநிலங்களில் 435 இடங்கள். குளிர்காலம் கழிந்து 2015இல் அதே நியூ ஜெர்சி வகை எட்டு மாநிலங்களில் 823 இடங்களில் வந்து நின்றது. அட்டவணையின் இடது ஓரத்தில் 'ஆண்டு' என்று இன்னொரு நெடுவரிசையை இப்போதே சேர்த்துவிடுங்கள்.