ஊர் திரும்பும் ஆங்கில ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலத்தீவில் ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டுத் தூத்துக்குடி மாவட்டத்துக்குத் திரும்பி, இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துவருகிறேன். தென்மாவட்டங்களிலிருந்து மாலத்தீவு, ஓமன், சவூதி, எத்தியோப்பியா என்று ஆசிரியப் பணிக்குப் போனவர்கள் ஏராளம். ஒப்பந்தம் முடிந்தோ, பெற்றோரின் முதுமை கருதியோ, பிள்ளைகளின் படிப்புக்காகவோ அவர்களில் பலர் ஊர் திரும்புகிறார்கள். திரும்பியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் சம்பளத்தைப் பற்றியவை. நான் பார்த்தவரை, சம்பளக் குறைவைவிட அவர்களை அதிகம் தடுமாறவைப்பது வேறொன்று: அங்கே நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்ததால் இங்கேயும் அதே முறையில் நடத்திவிடலாம் என்ற நம்பிக்கை. நானும் அந்த நம்பிக்கையோடுதான் வந்து இறங்கினேன்.

முதல் தவறு விமானம் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கடைசி நாள்களில் சாமான் கட்டுவதிலும் விடைபெறுவதிலும் பொழுது போய்விட, பள்ளி அலுவலகம் நீட்டும் அனுபவச் சான்றிதழைப் படித்துக்கூடப் பார்க்காமல் கோப்பில் வைத்துக்கொள்கிறோம். எனக்குக் கிடைத்த சான்றிதழில் ‘ஆசிரியராகப் பணியாற்றினார்’ என்று மட்டும் இருந்தது. என்ன பாடம், எந்த வகுப்புகள், முழுநேரப் பணியா என்பது எதுவுமே இல்லை. இங்கே நேர்காணலில் தலைமையாசிரியர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், நீங்க இங்கிலீஷ்தான் எடுத்தீங்கன்னு இதுல எங்க இருக்கு?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. திருத்திய சான்றிதழ் கைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, பதவி, பாடம், வகுப்புகள், முழுநேரப் பணி என்ற குறிப்பு, கையெழுத்திட்டவரின் பெயர், முத்திரை ஆகியவை இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்து, அந்த நாட்டு அரசு அலுவலகத்திலும் இந்தியத் தூதரகத்திலும் சான்றொப்பம் பெற்று வருவது நல்லது. ஓமன், சவூதி போன்ற நாடுகளில் இருப்பவர்கள், தூதரகச் சான்றொப்பத்துக்குப் பதிலாக, உடன்பாட்டில் சேர்ந்த நாடுகள் ஏற்றுக்கொள்ளும் அப்போஸ்டில் முத்திரை பெறலாம். அந்த உடன்பாட்டில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. குழந்தைகளோடு பழகும் வேலை என்பதால் காவல்துறை நன்னடத்தைச் சான்றைக் கேட்கும் பள்ளிகளும் உண்டு. ஊருக்கு வந்த பிறகு அதை வாங்க அலைவதைவிட, அங்கே இருக்கும்போதே விண்ணப்பித்துவிடலாம்.

அடுத்தது தகுதி பற்றிய மயக்கம். வெளிநாட்டில் வேலை வாங்கித் தந்த, ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்பதற்கான டெஃப்ல் (TEFL) சான்றிதழும் கேம்பிரிட்ஜ் செல்டா (CELTA) சான்றிதழும் இங்கே பி.எட். பட்டத்துக்கு ஈடு என்று எண்ணிக்கொண்டு வருபவர்களை ஆண்டுக்கு இரண்டு பேராவது சந்திக்கிறேன். செல்டா நல்ல பயிற்சி; ஆனால் அது பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது, பள்ளி ஆசிரியருக்கு இந்தியச் சட்டம் கேட்கும் தகுதியில் அது சேராது. பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு ஆண்டு. தொலைநிலையில் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்த வழி ஏற்கெனவே ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களுக்காக வைக்கப்பட்டது. எனவே பி.எட். இல்லாமல் வெளிநாடு போனவர்கள், திரும்பிய பின் இரண்டு ஆண்டு வருமானம் இல்லாமல் இருக்க நேரிடும் என்பதைக் கணக்கில் வைத்தே சேமிக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு வருபவர்கள், அந்தப் பட்டத்தை இந்தியப் பட்டத்துக்கு ஈடாக ஏற்பது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் வெளியிட்ட சமநிலை விதிமுறைகளையும் படித்துப் பார்க்க வேண்டும்.

அரசுப் பள்ளியை நோக்குபவர்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் மொத்தம் 150 மதிப்பெண். அதில் ஆங்கிலத்துக்கு 30 மட்டுமே. தமிழுக்கு 30, குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மீதி 60 மதிப்பெண் கணிதம்–அறிவியல் அல்லது சமூக அறிவியலிலிருந்து வரும். ஒன்பது ஆண்டு ஷேக்ஸ்பியரும் இலக்கணமும் நடத்தியவர், சமூக அறிவியல் பாடப்புத்தகத்தை ஆறாம் வகுப்பிலிருந்து திறந்து படித்தாக வேண்டும். அதைத் தாண்டினாலும், ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் நியமனத் தேர்வு தனியாக உண்டு. அதிலும் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளில் தேறினால்தான் பாடத் தாள் திருத்தப்படும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பை நம்பிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. வயது வரம்பு 2023இல் பொதுப் பிரிவினருக்கு 53 என்றும் மற்றவர்களுக்கு 58 என்றும் உயர்த்தப்பட்டிருப்பதால், வயதாகிவிட்டது என்று முயலாமலே விட்டுவிடுவதும் தவறுதான்.

தனியார் பள்ளிக்குப் போவதென்றால் காலத்தைப் பார்த்துத் திரும்புங்கள். பள்ளிகள் ஜூனில் திறக்கும். ஆள் தேடுவது மார்ச்சிலிருந்து மே வரை. செப்டம்பரில் வந்து இறங்கினால், யாராவது மகப்பேறு விடுப்பில் போன இடம்தான் கிடைக்கும். மதிப்பெண் பட்டியல்களையும் பட்டச் சான்றிதழ்களையும் ‘பள்ளியில் பத்திரமாக இருக்கட்டும்’ என்று தாளாளர் கேட்டால் நகலைக் கொடுத்துவிட்டு அசலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டின் நடுவில் விலக நினைத்தபோது அசல் சான்றிதழ்கள் கைக்கு வராமல் தவித்த ஆசிரியை ஒருவருக்காக நானே இரண்டு முறை ஒரு பள்ளி வாசலில் போய் நின்றிருக்கிறேன்.

இவை எல்லாம் தாள்களைப் பற்றிய தவறுகள்; சற்று அலைந்தால் சரியாகிவிடும். வகுப்பறையில் நாம் செய்யும் தவறுகளுக்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள். அதனால் அவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

மாலத்தீவுப் பள்ளிகளில் அந்நாட்டு மொழியான திவேகி, இஸ்லாம் போன்ற சில பாடங்கள் தவிர மற்றவை எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். என் தீவில் வகுப்புக்குப் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். அறிவியலையும் கணக்கையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு என் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு நான் ஆங்கிலத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இருப்பதைச் சீர்செய்தால் போதும். இங்கே நான் நுழைந்த தமிழ்வழி வகுப்பில் 46 பேர். நாளுக்கு ஒரு ஆங்கிலப் பாடவேளை, 45 நிமிடம். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஒரு நாளில் கேட்கும் ஆங்கிலம் முழுவதும் அந்த 45 நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டை நான் உணரவே இல்லை. முதல் வாரம் தீவில் பேசிய அதே வேகத்தில், அங்கே ஒட்டிக்கொண்ட உச்சரிப்போடு பேசினேன். ‘வகுப்பில் தமிழுக்கு இடமில்லை’ என்று கரும்பலகையில் எழுதியும் வைத்தேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். புரிந்துவிட்டது என்று நானும் மகிழ்ந்தேன்.

இரண்டாவது வாரம் மனப்பாடச் செய்யுள் நடத்தும்போது கடைசி பெஞ்சில் ஒரு மாணவியின் புத்தகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு ஆங்கில வரிக்கு மேலும் பென்சிலால், நுணுக்கி நுணுக்கி, தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதி வைத்திருந்தாள். அங்கே பெற்ற பயிற்சி எல்லாம் சேர்ந்து எனக்கு அதை ஒரு கெட்ட பழக்கமாகவே காட்டின. “அழிச்சிடும்மா, இப்படிப் படிச்சா இங்கிலீஷ் வராது” என்றேன். அவள் மறுபேச்சில்லாமல் ரப்பரால் அழித்தாள். அடுத்த நாள் செய்யுளைச் சொல்லச் சொன்னபோது எழுந்து நின்று வாயே திறக்கவில்லை. அந்தப் பென்சில் எழுத்துதான் அவள் தானாகக் கட்டிக்கொண்ட ஒரே பாலம். அதை அவள் கையாலேயே இடிக்கச் செய்துவிட்டேன் என்பது அன்று மாலைதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு அந்தப் பென்சில் எழுத்துகளை அழிக்கச் சொல்வதை விட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கினேன். பிள்ளைகளின் காதில் என்ன விழுகிறது, எது விழவில்லை என்பதை அவை அப்படியே காட்டுகின்றன. ‘ஃபேன்’ என்பதையும் ‘பேன்’ என்பதையும் ஒரே மாதிரி எழுதியிருந்தால், ஆய்த எழுத்தை முன்னால் போட்டு அந்த ஒலிக்குப் பல்லும் உதடும் படும் விதத்தைக் காட்டுகிறேன். பேனும் மின்விசிறியும் ஒன்றாகிவிடும் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்கிறார்கள். ‘எக்’ என்பதை ‘யெக்’ என்று எழுதியிருந்தால், சொல்லின் தொடக்கத்தில் வரும் எகரத்தை நாம் தமிழில் ‘யெ’ என்று ஒலிக்கும் பழக்கம் அங்கே ஏறிவிட்டது என்று தெரிகிறது. மூன்று மாதத்தில் பலருடைய புத்தகங்களில் பென்சில் எழுத்து தானாகக் குறைந்தது.

தமிழை வகுப்பிலிருந்து விலக்குவது பெரிய இழப்பு என்பதை இலக்கணத்தில் இன்னும் தெளிவாகக் காணலாம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘எ’ (a), ‘த’ (the) என்ற சொற்கள் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாடு. தமிழில் அவற்றுக்கு நேரான சொல் இல்லை என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதி என்ன வேறுபாடு என்று கேட்டுப் பாருங்கள். “ரெண்டாவதுல, எந்தப் புத்தகம்னு நமக்கு முன்னாடியே தெரியும் சார்” என்று ஒரு பையன் உடனே சொன்னான். முதலாவது ‘ஐ பாட் எ புக்’, இரண்டாவது ‘ஐ பாட் த புக்’ என்று அதற்குக் கீழே எழுதினேன். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்றாலும், அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பது பிடிபட்டுவிட்டது. ‘அவன் வந்தான்’, ‘அவன் வந்திருக்கிறான்’ என்ற இரண்டும் ‘ஹி கேம்’, ‘ஹி ஹேஸ் கம்’ என்பதற்கு அதே போலக் கைகொடுக்கும். வேற்று நாட்டிலிருந்து வரும் ஆசிரியரால் இதைச் செய்ய முடியாது. தாய்மொழியை மாணவர்களோடு பகிர்ந்துகொள்ளும் நம்மால் முடியும்.

பொதுத் தேர்வை இகழ்வது இன்னொரு தவறு. “மனப்பாடத்துக்கு மார்க் போடும் தேர்வு” என்று சொல்லிவிட்டுத் தன் விருப்பப்படி நடத்துபவரிடம் பெற்றோரும் பிள்ளைகளும் நம்பிக்கை வைக்க மாட்டார்கள். மேற்படிப்புக்கு அந்த மதிப்பெண்தான் அவர்களுக்குக் கதவு. பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு இருக்கிறது. பழைய வினாத்தாள்களை நீங்களே கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள், எந்த வினாவில் உண்மையான மொழிப்பயிற்சி ஒளிந்திருக்கிறது என்று தெரியும். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் இரண்டு மதிப்பெண் வினா ஒன்று உண்டு. பேருந்து நிலையத்திலிருந்து நம் பள்ளிக்கு வரும் வழியைப் பிள்ளைகளே வரைந்து, ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் வழிசொல்லச் செய்தால், தேர்வுக்குப் படித்ததுபோலவும் ஆயிற்று, பேசியதுபோலவும் ஆயிற்று. வெளிநாட்டில் நாம் கற்ற இருவர் உரையாடல், குழுப் பணி எல்லாம் இப்படித்தான் 46 பேர் உள்ள வகுப்பில் நுழைய முடியும். பெஞ்சை நகர்த்த இடமில்லாததால், முன்பெஞ்சில் இருப்பவர்களைத் திரும்பி உட்காரச் சொன்னாலே நான்கு பேர் குழு அமைந்துவிடுகிறது.

ஆசிரியர் அறையில் ‘அங்கே எல்லாம் இப்படி இல்லை’ என்ற பேச்சைத் தவிர்த்துவிடுங்கள். நம்மைவிடக் குறைந்த சம்பளத்தில் இருபது ஆண்டுகள் இதே பிள்ளைகளோடு இருந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தப் பையன் காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிறான், எந்தப் பெண்ணுக்கு வீட்டில் விளக்கு இல்லை என்பதை எனக்குச் சொன்னவர் எங்கள் தமிழாசிரியை. அவருடைய வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்த நான்கு பாடவேளைகள், எனக்குப் பல பயிற்சிப் பட்டறைகளைவிட அதிகம் கொடுத்தன.

பள்ளி வேண்டாம், சொந்தமாகப் பயிற்சி மையம் தொடங்கலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்குச் சரளமாகப் பேச வருகிறது என்பதாலேயே, வெளிநாடு போக எழுதும் ஐஇஎல்டிஎஸ் (IELTS) ஆங்கிலத் தேர்வுக்கோ, மருத்துவத் துறையினருக்கான ஓஇடி (OET) ஆங்கிலத் தேர்வுக்கோ பயிற்சி அளித்துவிட முடியாது. நம் பகுதியிலிருந்து இங்கிலாந்து போக முயலும் செவிலியருக்கு ஐஇஎல்டிஎஸ்ஸில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வேண்டும், ஓஇடியில் அவர் எழுத வேண்டியது ஒரு நோயாளியைப் பற்றிய கடிதம். மதிப்பிடும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் பொதுவான இலக்கணத்தை நடத்தி அனுப்பினால், தேர்வுக் கட்டணமும் போய், அவர் இன்னொரு முறை கடன் வாங்க வேண்டியிருக்கும். நீங்களே ஒருமுறை அந்தத் தேர்வை எழுதிவிட்டுத் தொடங்குங்கள். ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ என்று பலகை வைக்காதீர்கள். சென்ற மாதம் ஒரு மாணவனின் அம்மா, தீப்பெட்டி ஆலையில் வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்து, “சார், எம்புள்ள எப்ப இங்கிலீசு பேசும்?” என்று கேட்டார். இந்த ஆண்டு முடிவதற்குள் வங்கியில் படிவம் நிரப்பி, தெரியாத ஒருவருக்கு வழி சொல்லும் அளவுக்கு வந்துவிடுவான், அதற்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டு ஆகும் அம்மா என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி சார், ரெண்டு வருசம்னா ரெண்டு வருசம், நீங்க இங்க இருப்பீங்கள்ல?” என்றார். இருப்பேன் என்று சொன்னேன்.