நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்கு அட்டர்னி ஜெனரலின் ஒப்புதலைக் கேட்பது எப்படி?

உச்ச நீதிமன்றத்தை இழிவுபடுத்தும் விதத்தில் ஒருவர் பேசிவிட்டார் என்று கருதும் குடிமகன், அவர்மீது நடவடிக்கை கோரி நேரே அந்த நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்துவிட முடியாது. 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், தன் 15ஆவது பிரிவில், குடிமகனுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே ஒரு சட்ட அலுவலரை நிறுத்தியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் என்றால் இந்தியாவின் அட்டர்னி ஜெனரல் அல்லது சொலிசிட்டர் ஜெனரல், உயர் நீதிமன்றம் என்றால் அந்த மாநிலத்தின் அட்வகேட் ஜெனரல் எழுத்துமூலம் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதலைக் கடிதம் எழுதிக் கேட்கும் முறையை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். எனினும், கடிதத்தைப் படிக்கப்போகிறவர் யார், இந்த அதிகாரம் அவரிடம் ஏன் வந்து சேர்ந்தது என்பவற்றை முதலில் சொல்லியாக வேண்டும். அவற்றை அறியாமல் எழுதப்படும் கடிதம் பெரும்பாலும் வெறும் கோபக் கடிதமாகவே நின்றுவிடுகிறது.

கடிதம் யாரிடம் போகிறது

அட்டர்னி ஜெனரல் பதவியின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அரசர் தம் பெயரிலேயே நடக்கும் நீதிமன்றத்தில் தாமே வந்து வழக்காட முடியாது என்பதால், அவருக்காகப் பேச ஒரு வழக்கறிஞர் தேவைப்பட்டார். 13ஆம் நூற்றாண்டிலேயே அத்தகையவர்கள் இருந்தார்கள் என்றாலும், அட்டர்னி ஜெனரல் என்ற பட்டம் 1461இல்தான் பதிவாகிறது. மெய்யியலாளராக இன்று நினைவுகூரப்படும் பிரான்சிஸ் பேக்கன் 1613இல் அந்தப் பதவியை ஏற்றவர். ஆங்கிலேயர் ஆட்சி இந்த ஏற்பாட்டை அட்வகேட் ஜெனரல் என்ற பெயரில் மாகாணங்களுக்குக் கொண்டுவந்தது. சென்னையில் நெடுங்காலம் ஐரோப்பியர்களே வகித்த அந்தப் பொறுப்பில், 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் வி. பாஷ்யம் ஐயங்கார் தற்காலிகமாக அமர்த்தப்பட்டார். அங்கே அதை வகித்த முதல் இந்தியர் அவரே. 1929 முதல் 1944 வரை அட்வகேட் ஜெனரலாக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், பின்னர் அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இடம்பெற்றார்.

அந்த அரசியலமைப்பின் 76ஆவது உறுப்பு அட்டர்னி ஜெனரல் பதவியை உருவாக்கியது. உச்ச நீதிமன்ற நீதிபதியாவதற்குரிய தகுதி உள்ள ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். குடியரசுத் தலைவர் விரும்பும் காலம்வரை பதவி நீடிக்கும். குறிப்பிட்ட பதவிக்காலம் எதையும் அரசியலமைப்பு வகுக்கவில்லை. நாட்டின் எல்லா நீதிமன்றங்களிலும் வாதிடும் உரிமை அட்டர்னி ஜெனரலுக்கு உண்டு. 88ஆவது உறுப்பின்படி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் பேசலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. 1950இல் முதல் அட்டர்னி ஜெனரலாகப் பதவியேற்ற எம்.சி. செதல்வாட் 13 ஆண்டுகள் நீடித்தார். தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. பராசரன், ஜி. ராமசாமி ஆகியோரும் பிற்காலத்தில் இந்தப் பொறுப்பை வகித்திருக்கிறார்கள். மாநில அட்வகேட் ஜெனரலுக்கு 165ஆவது உறுப்பு ஏறக்குறைய இதே ஏற்பாட்டைச் செய்கிறது. அவரை ஆளுநர் நியமிக்கிறார். அட்டர்னி ஜெனரலுக்கு அடுத்த நிலையில் உள்ள சட்ட அலுவலரான சொலிசிட்டர் ஜெனரலின் பதவிக்கு அரசியலமைப்பில் இடமில்லை.

அட்டர்னி ஜெனரலை அரசின் வழக்கறிஞர் என்று மட்டும் புரிந்துகொள்வோர், ஒப்புதல் கடிதத்திலும் அரசின் விருப்பமே வெளிப்படும் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணத்துக்கு வரலாற்றில் காரணம் இல்லாமல் இல்லை. 1976இல், நெருக்கடி நிலைக் கால ஆட்கொணர்வு வழக்கில் (காவலில் வைக்கப்பட்டவர்களை விடுவிக்கக் கோரிய வழக்கு), ஒரு காவலர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றாலும் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டபோது, நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்ற நிலைப்பாட்டையே அன்றைய அட்டர்னி ஜெனரல் நிரேன் டே அரசின் சார்பில் எடுத்தார். ஆனால் 15ஆவது பிரிவின் கீழ் ஒப்புதல் தரும்போது அவர் அரசுக்காக வாதாடவில்லை. அரசிடம் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றும் அந்தப் பிரிவு கூறவில்லை. தம் சொந்தச் சட்ட அறிவைக் கொண்டு, இந்த விஷயம் நீதிமன்றத்தின் நேரத்துக்குத் தகுந்ததா என்று மட்டுமே அவர் பார்க்க வேண்டும்.

இந்தப் பொறுப்பு அவரிடம் வந்ததற்குக் காரணம், நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தை ஆராய்ந்த எச்.என். சன்யால் தலைமையிலான குழுவின் பரிந்துரை. 1961இல் அமைக்கப்பட்டு 1963இல் அறிக்கை அளித்த அந்தக் குழு, நீதிமன்றத்தின் கண்ணெதிரே நிகழாத குற்றவியல் அவமதிப்பில், நீதிமன்றம் தானே புகாரைத் தொடங்குவதைவிட ஒரு சட்ட அலுவலர் அதைக் கொண்டுவருவது நல்லது என்று கருதியது. குற்றம் சாட்டுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே என்ற தோற்றம் அதனால் குறையும், நீதிமன்றத்தின் சுமையும் குறையும். ஒப்புதல் பெற்ற தனிமனிதரும் மனுச் செய்யலாம் என்ற வாய்ப்பு பிறகு சேர்ந்தது. ஆக, அட்டர்னி ஜெனரல் இங்கே ஒரு சல்லடையாக வைக்கப்பட்டிருக்கிறார். சொந்தப் பகை, அரசியல் கணக்கு, விளம்பர ஆசை ஆகியவற்றால் வரும் மனுக்களைத் தடுத்து நிறுத்துவதே அவருடைய வேலையின் பெரும்பகுதி.

எழுதுமுன் பார்க்க வேண்டியவை

முதலில், உங்கள் விஷயத்துக்கு ஒப்புதல் தேவையா என்று பாருங்கள். நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே நிறைவேற்றாமல் இருப்பது உரிமையியல் அவமதிப்பு. அதற்கு இந்த ஒப்புதல் வேண்டியதில்லை. உங்களுக்குச் சாதகமான தீர்ப்பை ஓர் அதிகாரி செயல்படுத்தவில்லை என்பது உங்கள் குறை என்றால், அட்டர்னி ஜெனரலுக்கோ அட்வகேட் ஜெனரலுக்கோ எழுதி மாதங்களைக் கழிக்காமல், உத்தரவிட்ட நீதிமன்றத்தையே அணுகுங்கள். சட்டத்தின் 2(சி) பிரிவில் வரும் குற்றவியல் அவமதிப்புக்கு மட்டுமே ஒப்புதல் தேவை. நீதிமன்றத்தின் மாண்பைக் குலைப்பது, நடந்துகொண்டிருக்கும் வழக்கின் போக்கில் குறுக்கிடுவது, நீதி வழங்கலுக்கு வேறு விதத்தில் இடையூறு செய்வது ஆகியவை அதில் அடங்கும். கீழமை நீதிமன்றம் அவமதிக்கப்பட்டிருந்தால் வழி வேறு: அந்த நீதிமன்றமே உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்து அனுப்பலாம், அல்லது அட்வகேட் ஜெனரல் மனுச் செய்யலாம். ஆகவே அங்கே முதலில் அந்த நீதிபதியிடம் விண்ணப்பிப்பதே நேரான வழி.

அடுத்தது காலக்கெடு. அவமதிப்பு நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஓராண்டு கடந்துவிட்டால் நடவடிக்கை தொடங்க முடியாது என்று 20ஆவது பிரிவு கூறுகிறது. ஒப்புதல் தருவதற்கு அட்டர்னி ஜெனரலுக்கு இத்தனை நாள் என்று அந்தச் சட்டம் எதையும் விதிக்கவில்லை. பதினோராவது மாதத்தில் எழுதுகிறவர், பதில் வருமுன்பே தம் வாய்ப்பை இழக்கக்கூடும். பேச்சு நிகழ்ந்த சில வாரங்களுக்குள் கடிதம் போய்விடுவதே பாதுகாப்பு.

கடிதம்

கடிதத்தின் உயிர், அவமதிப்பு என்று நீங்கள் சொல்லும் சொற்களே. அவற்றைச் சுருக்காமல், உங்கள் நடையில் மாற்றிச் சொல்லாமல், பேசியவர் பேசியபடியே மேற்கோளாகக் கொடுக்க வேண்டும். முன்னும் பின்னும் வந்த வாக்கியங்களையும் சேர்க்க வேண்டும், ஏனெனில் துண்டித்து எடுத்த ஒரு வரி எந்தப் பொருளையும் தரும். எங்கே, எந்த நாளில், எந்த ஊடகத்தில் வந்தது என்பதைக் குறிப்பிட்டு, நாளிதழ்ப் பக்கத்தின் நகல், காணொளியின் எழுத்து வடிவம், சமூக ஊடகப் பதிவின் திரைப்பிடிப்பு ஆகியவற்றை இணைக்க வேண்டும். பேச்சு தமிழில் இருந்தால் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் காரத்தைக் கூட்டுவது உங்கள் நம்பகத்தன்மையைத்தான் குறைக்கும்.

அந்தச் சொற்கள் 2(சி) பிரிவின் எந்த உட்பிரிவில் எப்படி விழுகின்றன என்பதை அடுத்து விளக்குங்கள். மனு ஒவ்வொன்றும் எந்த அவமதிப்பு என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று 15ஆவது பிரிவே விதிக்கிறது. கடிதத்திலேயே அந்தத் துல்லியம் இருந்தால், பின்னால் மனுவும் எளிதாக உருவாகும்.

இதற்குப் பின் வரும் பகுதியைத்தான் பலரும் எழுதாமல் விடுகிறார்கள். எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய விடைகளை நீங்களே எடுத்துவைத்து அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். முடிந்துவிட்ட வழக்கின் தீர்ப்பைப் பற்றிய நியாயமான விமர்சனம் அவமதிப்பு ஆகாது என்கிறது 5ஆவது பிரிவு. நீதியின் போக்கில் கணிசமாகக் குறுக்கிடாத செயலுக்குத் தண்டனை கூடாது என்கிறது 13ஆவது பிரிவு; பொதுநலனுக்காக நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்ட உண்மையையும் தற்காப்பாக ஏற்கலாம் என்பது 2006இல் அதில் சேர்க்கப்பட்டது. உங்கள் விஷயம் இவற்றுள் அடங்காது என்று ஒரு பக்கத்தில் காட்ட முடியவில்லை என்றால், கடிதத்தை அனுப்பாமல் விடுவதே மேல் என்பது என் கருத்து.

2020ஆம் ஆண்டின் இரண்டு முடிவுகள் இதைத் தெளிவாக்கும். அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், நடிகை ஸ்வரா பாஸ்கர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் பற்றிப் பேசியதற்கு ஒப்புதல் தர மறுத்தார்; அது பேசியவரின் பார்வை என்று கருதினார். அதே ஆண்டின் நவம்பரில், நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ராவின் சமூக ஊடகப் பதிவுகளுக்கு ஒப்புதல் தந்தார். நீதிமன்றத்தையே தாக்கினால் தண்டனை வரும் என்பதை மக்கள் உணர வேண்டிய நேரம் இது என்பது அவருடைய எண்ணம். இந்த வேறுபாடு சரியானதுதானா என்று வாதிடலாம். ஆனால் கடிதம் எழுதுகிறவர், தீர்ப்பைக் குறை சொல்வதும் நீதிமன்றத்தைத் தாக்குவதும் அந்த மேசையில் தனித்தனியே எடைபோடப்படுகின்றன என்பதை மறக்கக் கூடாது.

உங்களுக்கும் பேசியவருக்கும் வழக்கோ தேர்தல் போட்டியோ இருந்தால் அதை மறைக்க வேண்டாம். அது எப்படியும் வெளிவரும்.

பதில் வந்த பிறகு

ஒப்புதல் கிடைத்தால், அந்தக் கடிதத்தை இணைத்து மனுத் தாக்கல் செய்யலாம். குறைந்தது இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை விசாரிக்கும். ஒப்புதல் என்பது குற்றம் உறுதியானதாகப் பொருள்படாது. நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்யலாம், மன்னிப்பை ஏற்கலாம். சட்டம் சொல்லும் உச்சபட்சத் தண்டனை ஆறு மாத வெறுங்காவலும் 2,000 ரூபாய் அபராதமும்தான்.

மறுக்கப்பட்டால், அட்டர்னி ஜெனரலை எதிர்த்து வழக்குத் தொடுக்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றும். அது பயன் தராது. 1988இல் முடிவான பி.என். டூடா வழக்கில், மத்திய சட்ட அமைச்சர் பி. சிவசங்கரின் பேச்சு தொடர்பாக, ஒப்புதல் இல்லாமலே மனு வந்தது. அட்டர்னி ஜெனரலும் சொலிசிட்டர் ஜெனரலும்கூட அதில் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அரசின் வழக்கறிஞரிடமே அரசின் அமைச்சருக்கு எதிராக ஒப்புதல் கேட்க வேண்டிய இக்கட்டு அது. பேச்சில் அவமதிப்பு இல்லை என்று முடிவுசெய்த நீதிமன்றம், ஒப்புதல் இல்லாதவர்களுக்கு உரிய வழியையும் காட்டியது: தகவலை மனுவாக அன்றித் தகவலாகவே அளிக்க வேண்டும், அது நிர்வாகப் பக்கத்தில், அதாவது வழக்கு விசாரணையாக அன்றி அலுவலக நடைமுறையாக, தலைமை நீதிபதியின் முன் வைக்கப்படும், விரும்பினால் நீதிமன்றம் தாமாக முன்வந்து நடவடிக்கை எடுக்கும். 2005இல் பால் தாக்கரே வழக்கிலும் இதுவே உறுதிசெய்யப்பட்டது.

இந்த வழி ஏட்டளவில் மட்டும் இருப்பதன்று. 2020இல் வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண் மீது அவருடைய ட்விட்டர் பதிவுகளுக்காக எடுக்கப்பட்ட நடவடிக்கை, ஒப்புதல் இன்றி வந்த மனு ஒன்று நிர்வாகப் பக்கத்தில் வைக்கப்பட்ட பிறகே, நீதிமன்றம் தாமாக எடுத்துக்கொண்ட வழக்காகத் தொடங்கியது. அட்டர்னி ஜெனரல் அவரைத் தண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டும், ஒரு ரூபாய் அபராதத்தில் அது முடிந்தது. ஆயினும் தகவலை அளித்தவர் அதன்பின் அந்த விஷயத்தின் தரப்பினராக நின்று வாதாடும் உரிமையைக் கோர முடியாது. எடுப்பதும் விடுப்பதும் நீதிமன்றத்துக்கும் அவமதித்ததாகச் சொல்லப்படுபவருக்கும் இடையிலான விஷயமாகிவிடும்.