பிளேனர் அடைப்பு: குழாயை மாற்றியதும் தீர்ந்தது

மரப்பலகையைச் சீவிச் சமன் செய்யும் பிளேனர் இயந்திரத்தில் மரச்சீவல் அடைத்துக்கொண்டே இருந்தது. குற்றவாளி பிளேனர் அல்ல, அதில் செருகியிருந்த வாக்குவம் கிளீனரின் இரண்டரை அங்குலக் குழாய். வாக்குவம் கிளீனருக்கு உறிஞ்சும் விசை அதிகம், இழுக்கும் காற்றின் அளவு குறைவு. மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டருக்கு அது போதும். பிளேனருக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடியாவது வேண்டும்.

அதிகக் காற்றை இழுத்துத் தூசி சேகரிக்கும் டஸ்ட் கலெக்டருக்கு மாறி, இயந்திரம் வரை 4 அங்குலக் குழாயே போட்டேன். நெளிவுக் குழாய் கடைசி 3 அடிக்கு மட்டும். அதன் உள்ளே காற்றுக்கு உராய்வு அதிகம். மீதி வழவழப்பான பிவிசி. திருப்பத்தில் 90 டிகிரி எல்போ என்ற வளைவு இணைப்புக்குப் பதில் இரண்டு 45 டிகிரி இணைப்புகள். (பெட்டியில் அச்சிட்ட சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற அளவு, பெரும்பாலும் குழாய் மாட்டாமல் அளந்தது. பாதியாகக் கணக்கு வையுங்கள்.)

டஸ்ட் கலெக்டருடன் வந்த, சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட துகளை மட்டும் பிடிக்கும் துணிப்பை நுண்தூளை அறைக்குள்ளேயே திருப்பி ஊதியது. 1 மைக்ரான் வடிகட்டி கேட்ரிட்ஜ் மாட்டியபின்தான் மேசையில் தூசி படிவது குறைந்தது.